வீட்டு லேண்ட்லைனுக்கு ஆன்சரிங் மெஷின்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு ஹாலில் ஒரு மர ஸ்டூல், அதன்மேல், யாரும் எடுக்காத காலுக்குத் தானே பதில் சொல்லிச் சேதியைப் பதிந்து வைக்கும் ஆன்சரிங் மெஷினோடு லேண்ட்லைன் போன். அம்மாவுக்காக மாட்டியது. ரிங் சத்தம் கேட்டால் அம்மாவுக்கு நடக்கத் தெரியாது, ஓட்டம்தான். ஓர் ஐப்பசி மழையில் புறவாசலில் துணி எடுத்துக்கொண்டிருந்தவள், ரிங் கேட்டு ஈரக்காலோடு ஓடிவந்து முற்றத்தில் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது. அன்றைக்குப் போன் பண்ணியவன் நான்தான். "சாப்பிட்டியா" என்று கேட்கத்தான் கூப்பிட்டேன்.

அதற்குப் பிறகு சொந்தக்காரர்கள், தெருக்காரர்கள் என்று பல வீடுகளில் இந்த மெஷினை மாட்டிக் கொடுத்திருக்கிறேன். திருநெல்வேலி டவுன், மேலப்பாளையம், அம்பை என்கிற அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, கடையநல்லூர் என்று போன இடமெல்லாம் கிட்டத்தட்ட இதே கேள்விகளைத்தான் கேட்டார்கள். ஒரே இடத்தில் எழுதி வைத்தால் உதவும் என்று தோன்றியது.

எல்லார் கையிலும் செல்போன் இருக்கிறதே, இது எதற்கு?

எழுபது வயதைத் தாண்டியவர்கள் தனியாக இருக்கும் வீட்டில் செல்போன் எங்கே இருக்கும் என்று பாருங்கள். தலையணைக்கு அடியில், இல்லையென்றால் சார்ஜ் இல்லாமல் பீரோ மேல். லேண்ட்லைன் இருந்த இடத்தில் இருக்கும். பைபர் இன்டர்நெட் இணைப்போடு சேர்ந்து வருவதால், இடையில் லேண்ட்லைனை எடுத்துவிட்ட வீடுகளுக்கும் அது திரும்ப வந்திருக்கிறது.

முன்பெல்லாம் கல்யாணப் பத்திரிகையில் போன் நம்பருக்குப் பக்கத்தில் 'பிபி' என்று போட்டிருப்பார்கள். பக்கத்து வீட்டு நம்பர் என்று அர்த்தம். நாம் இல்லாவிட்டால் அந்த வீட்டு ஆச்சி சேதியைக் கேட்டு வைத்து, சாயங்காலம் வாசலில் நின்று ஒரு வார்த்தை விடாமல் சொல்லிவிட்டுப் போவார். அந்த ஆச்சி செய்த வேலையைத்தான் இந்த மெஷின் செய்கிறது. இது இருக்கும் வீட்டில் யாரும் ஓடிவந்து போனை எடுக்க வேண்டியதில்லை. எனக்கு அது ஒன்றே போதும்.

இது எப்படி வேலை செய்கிறது?

போன் சும்மா கிடக்கும்போது லைனில் ஏறக்குறைய 48 வோல்ட் டிசி நிற்கும். கால் வரும்போது அதன்மேல் 75 முதல் 90 வோல்ட் வரை ஏசி மின்சாரம் விட்டுவிட்டு வரும். அதுதான் ரிங். மெஷின் அதை எண்ணிக்கொண்டே இருக்கும். நீங்கள் வைத்த எண்ணிக்கை வந்ததும், நாம் ரிசீவரை எடுப்பது போல அதுவே லைனை எடுத்து, நீங்கள் பேசிவைத்ததைச் சொல்லி, 'பீப்' கொடுத்து, எதிரில் இருப்பவர் பேசுவதைப் பதிந்துகொள்ளும். அவர் வைத்ததும் லைனை விட்டுவிடும்.

இந்த யோசனை நூறு வருஷத்துக்கும் மேல் பழையது. டென்மார்க்கைச் சேர்ந்த வால்டெமார் பவுல்சன் 1898-இல் எஃகுக் கம்பியில் காந்தத்தால் குரலைப் பதியும் கருவிக்குக் காப்புரிமை கேட்டார். டேப் ரிக்கார்டரெல்லாம் அதன் வழியில் வந்ததுதான். அவர் மனதில் இருந்ததே, ஆள் இல்லாத நேரத்தில் வரும் போன் சேதியைப் பிடித்து வைப்பது.

எந்த மாதிரி வாங்கலாம்?

பழைய கேசட் மெஷின் யாராவது சும்மா கொடுத்தால் மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். நம் ஊர் ஈரத்துக்கும் புழுதிக்கும் சின்னக் கேசட்டில் பூஞ்சை பிடிக்கும், பெல்ட் இளகிவிடும். புதிதாக வாங்குவதென்றால் உள்ளேயே மெமரி உள்ள டிஜிட்டல் மெஷின்தான். பானாசோனிக் போன்ற கம்பெனிகளின் கார்ட்லெஸ் போன்களில் சில மாடல்கள் ஆன்சரிங் மெஷினோடு சேர்ந்தே வருகின்றன. கால் மணி நேரம், அரை மணி நேரம் பதியும். ஒரு வீட்டுக்கு அது தாராளம்.

கடையில் மூன்று விஷயம் பாருங்கள். ரிங் எண்ணிக்கையை ஆறு ஏழு வரை கூட்ட முடிகிறதா? சேதி கேட்கும் பட்டன் பெரிதாக, பேஸ் பெட்டியின் மேலேயே இருக்கிறதா? ஸ்பீக்கர் சத்தம் காது மந்தமானவருக்குக் கேட்குமா? மற்ற வசதியெல்லாம் இரண்டாம்பட்சம். கார்ட்லெஸ் வாங்கினாலும் பழைய வயர் போன் ஒன்றைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். காரணம் கீழே கரண்ட் பற்றிய கேள்வியில் இருக்கிறது.

அமெரிக்காவிலிருந்து மகன் கொண்டுவந்த மெஷின் சும்மா கிடக்கிறது. மாட்டலாமா?

மாட்டலாம். ஆனால் பிளக்கைச் சொருகுவதற்கு முன் அடாப்டரின் முதுகைப் படியுங்கள். 'இன்புட்' என்ற இடத்தில் 100-240 வோல்ட் என்று இருந்தால் பயமில்லை. 120 வோல்ட் மட்டும் போட்டிருந்தால் அது நம் 230 வோல்ட்டைத் தாங்காது. ஜங்ஷன் பக்கம் கடைகளில் கிடைக்கும் சின்ன மாற்று பிளக் முனையின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்ட்டேஜைக் குறைக்காது. கல்லிடைக்குறிச்சியில் ஒரு வீட்டில் அதை நம்பிச் சொருகியிருந்தார்கள். நான் போய்ப் பார்க்கும்போது அடாப்டரின் பிளாஸ்டிக் வெல்லப்பாகு மாதிரி உருகி, சுவரில் கருப்பாக வழிந்திருந்தது. நல்லவேளை, பக்கத்தில் திரைச்சீலை இல்லை.

அடாப்டரில் 'அவுட்புட்' என்று போட்டிருப்பதைத் தாளில் எழுதிக்கொண்டு எலக்ட்ரானிக்ஸ் கடைக்குப் போங்கள். வோல்ட் அதேதான் இருக்க வேண்டும். ஆம்பியர் அதே அளவோ கூடவோ இருக்கலாம், குறையக் கூடாது. முனையின் நடுவில் பிளஸ்ஸா மைனஸா என்பதற்கு ஒரு சின்னப் படம் இருக்கும், அதுவும் ஒத்துப்போக வேண்டும். சில பழைய மெஷின்களுக்கு அவுட்புட்டே ஏசியாக இருக்கும், அதையும் கவனியுங்கள். கடைக்காரரிடம் பழைய அடாப்டரையே காட்டிவிடுவது எல்லாவற்றிலும் சுலபம்.

எப்படி மாட்டுவது?

மெஷினின் பின்னால் இரண்டு ஓட்டை இருக்கும். 'லைன்' என்று போட்ட ஓட்டையிலிருந்து சுவரில் உள்ள ரோசெட் பெட்டிக்கு ஒரு வயர். 'டெல்' அல்லது 'போன்' என்று போட்ட ஓட்டையிலிருந்து உங்கள் பழைய போனுக்கு ஒரு வயர். இரண்டையும் மாற்றிச் சொருகிவிட்டு "மெஷின் செத்துப்போச்சு" என்று சொன்ன வீடுகள் நிறைய. கார்ட்லெஸோடு சேர்ந்த மெஷினில் பெரும்பாலும் ஒரே ஓட்டைதான்.

பழைய வீட்டில் ரோசெட் இல்லாமல் வயரை முறுக்கி டேப் சுற்றி விட்டிருப்பார்கள். அதைப் பிரித்துத் தொடும் நேரத்தில் கால் வந்தால் சுரீரென்று ஷாக் அடிக்கும். மேலே சொன்ன 90 வோல்ட் அதுதான். ஈரக்கையோடு தொடாதீர்கள், வயரைப் பல்லால் உரிக்காதீர்கள்.

செம்புக் கம்பி லைனில் பிராட்பேண்டும் இருந்தால், மெஷினுக்கு முன்னால் ஸ்பிளிட்டர் கட்டாயம், இன்டர்நெட்டையும் பேச்சையும் பிரிக்கும் சின்னப் பெட்டி அது. இல்லாவிட்டால் பதியும் சேதி முழுக்க 'ஸ்ஸ்' என்று இரையும். பைபர் வீட்டில் சுவர் ரோசெட்டை மறந்துவிடுங்கள். இன்டர்நெட் பெட்டியின் பின்னால் 'போன்' அல்லது 'டெல்' என்று ஒரு ஓட்டை இருக்கும், மெஷினின் வயரை நேராக அதில் சொருகினால் போதும்.

தேதியும் நேரமும் வைக்காவிட்டால் என்ன?

சேதி பதியும், எப்போது வந்தது என்று மட்டும் தெரியாது. ஆஸ்பத்திரியிலிருந்து "இன்றைக்கு நாலு மணிக்கு வாங்க" என்று சேதி கிடந்தால், எந்த 'இன்றைக்கு' என்று எப்படித் தெரியும்? வைத்துவிடுங்கள், இரண்டு நிமிஷ வேலை.

எத்தனை ரிங்குக்குப் பிறகு மெஷின் எடுக்க வேண்டும்?

மெஷின் வாங்கும்போது பெரும்பாலும் நாலு ரிங்கில் வைத்திருப்பார்கள். பெரியவர்கள் இருக்கும் வீட்டுக்கு அது போதவே போதாது.

நம் நாட்டு ரிங் இரட்டையாக அடிக்கும். 0.4 விநாடி சத்தம், 0.2 விநாடி இடைவெளி, மறுபடி 0.4 விநாடி சத்தம், பிறகு 2 விநாடி அமைதி. ஆக ஒரு சுற்றுக்கு மூன்று விநாடி. நாலு ரிங் என்றால் பன்னிரண்டு விநாடிதான். அமெரிக்காவில் 2 விநாடி அடித்து 4 விநாடி ஓயும், நாலு ரிங்குக்கு அங்கே இருபத்துநாலு விநாடி கிடைக்கும். அங்கே வாங்கிய மெஷினில் அதே '4' என்று வைத்தால் இங்கே பாதி நேரம்தான். அதோடு சில மெஷின்கள் நம் இரட்டைச் சத்தத்தை இரண்டு ரிங்காக எண்ணிவிடும், அப்போது ஆறே விநாடியில் எடுத்துவிடும். "ரெண்டு தடவை அடிச்சதும் மெஷின் பேச ஆரம்பிச்சுருது" என்று யாராவது சொன்னால் காரணம் அநேகமாக இதுதான். எண்ணிக்கையை இரட்டிப்பாக்கிப் பாருங்கள்.

உங்கள் வீட்டுக்கு எவ்வளவு வேண்டும் என்பதை நடந்து பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். டவுனிலும் அம்பையிலும் தெருவீடுகள் ரயில் பெட்டி மாதிரி நீளம். திண்ணை, ரேழி, முற்றம், அடுக்களை, புறவாசல், அதற்கப்புறம் கிணற்றடி. எங்கள் வீட்டில் அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு, கையில் வாட்சை வைத்துக்கொண்டு அவளைக் கிணற்றடியிலிருந்து ஹாலுக்கு மெதுவாக நடந்துவரச் சொன்னேன். வாக்கர் கால் ஒவ்வொன்றும் தரையில் 'டொக்' என்று பட, நாற்பது விநாடிக்கு மேல் ஆனது. எந்த ரிங் எண்ணிக்கையும் அதற்கு ஈடாகாது. அப்போதுதான் புரிந்தது, அவள் வந்து சேரும் வரை ரிங்கைக் கூட்டிக்கொண்டே போவது சரியான வழி இல்லை என்று. ஹாலில் இருந்தால் எழுந்துவந்து எடுக்கும் அளவுக்கு ஆறு ரிங், அதாவது பதினெட்டு விநாடி வைத்தேன். ஹாலைத் தாண்டி வேறெங்கே இருந்தாலும் நடக்கவே வேண்டாம், மெஷின் எடுத்துக்கொள்ளும், சேதியைக் கேட்டுவிட்டுத் திரும்பக் கூப்பிடு என்று சொல்லிவிட்டேன். அது பழக அவளுக்கு ஒரு மாதம் ஆனது.

வரவேற்பாக என்ன பேசி வைக்கலாம்?

மெஷினோடு வரும் இங்கிலீஷ் குரலை முதல் வேலையாக மாற்றுங்கள். மேலப்பாளையத்தில் ஒரு வீட்டில் அதை அப்படியே விட்டிருந்தார்கள். ஒரு வாரத்தில் பதினோரு கால், சேதி ஒன்றுகூட இல்லை. ஒரே ஒரு பதிவில் மட்டும், போனை வைப்பதற்கு முன்னால் ஒரு பாட்டி பக்கத்தில் யாரிடமோ சொல்வது கேட்டது: "யாரோ பொம்பளை இங்கிலீசுல பேசுதா, நம்பர் மாறிப்போச்சு போல."

உங்கள் குரலில், வீட்டில் பேசுகிற தமிழில் பேசுங்கள். பத்துப் பதினைந்து விநாடிக்கு மேல் போக வேண்டாம். எங்கள் வீட்டில் இருப்பது இது:

"வணக்கம். சரியான வீட்டுக்குத்தான் பேசுதீங்க. இது மெஷின். இப்ப போன் பக்கத்துல ஆள் இல்ல. பீப்னு ஒரு சத்தம் கேக்கும், அது முடிஞ்சதும் உங்க பேரு, என்ன விசயம்னு சொல்லிட்டு வைங்க. கேட்டுட்டு கூப்பிடுதோம்."

'சரியான வீட்டுக்குத்தான்' என்ற வார்த்தையை விட்டுவிடாதீர்கள். நம் ஆட்களுக்கு மெஷின் குரல் கேட்டதும் முதலில் வரும் சந்தேகமே அதுதான். 'இது மெஷின்' என்பதும் முக்கியம், இல்லாவிட்டால் "நல்லா இருக்கியாய்யா?" என்று பதிலுக்குக் காத்திருப்பார்கள்.

சொல்லக் கூடாதவையும் உண்டு. "குற்றாலம் போயிருக்கோம், திங்கட்கிழமை வருவோம்" என்று சொல்லாதீர்கள். வீடு பூட்டிக் கிடக்கிறது என்று யார் கேட்டாலும் தெரிந்துவிடும். தனியாக இருக்கும் அம்மாவோ அக்காவோ பேசினாலும் "கூப்பிடுதேன்" என்று சொல்லாமல் "கூப்பிடுதோம்" என்றே பேசச் சொல்லுங்கள். முழுப்பெயர், விலாசம் எதுவும் வேண்டாம்.

பதியும்போது மின்விசிறியை நிறுத்துங்கள். அது ஓடினால் குரலுக்குப் பின்னால் புயல் அடிப்பது போல இருக்கும்.

ஊர் ஆட்கள் மெஷின் என்றதும் வைத்துவிடுகிறார்களே?

வைக்கத்தான் செய்வார்கள். எதிரில் ஆள் இல்லாமல் பேசுவது கூச்சமான காரியம். "ம்" கொட்ட ஒருவர் இருந்தால்தான் நமக்குப் பேச்சு வரும். அதற்காக அவர்களைக் குறை சொல்ல முடியாது.

அடிக்கடி கூப்பிடுகிற ஐந்தாறு பேரை மட்டும் பழக்கினால் போதும். பெரியம்மை, மதினி, பால்காரர், மருந்துக்கடைக்காரர். நேரில் பார்க்கும்போது சொல்லுங்கள், "போன் எடுக்கலன்னா வச்சிராதீங்க, பேர மட்டும் சொல்லுங்க போதும்." பெயர் மட்டும் என்றால் கூச்சம் குறையும். எங்கள் பெரியம்மை முதல் தடவை "நான்தான்" என்று மட்டும் சொல்லி வைத்தாள். அதுவே போதுமாக இருந்தது. மூன்றாவது தடவை, ஆழ்வார்குறிச்சியில் மழை பெய்தது, மாடு கன்று போட்டது, மதினிக்கு எட்டாம் மாதம் என்று இரண்டு நிமிஷம் சொல்லிவிட்டு, "சரி, மெஷினு, நீ வையி" என்றாள். அம்மா அதை நாலு தடவை போட்டுக் கேட்டாள்.

ஆச்சி பேசிக்கொண்டிருக்கும்போதே பாதியில் வெட்டிவிடுகிறது. ஏன்?

பல மெஷின்கள் குரல் கேட்கும் வரைதான் பதியும். சில விநாடி அமைதியாக இருந்தால் பேசி முடித்தாயிற்று என்று நினைத்து லைனை விட்டுவிடும். வயதானவர்கள் ஒரு வாக்கியம் சொல்லி, மூச்சு வாங்கி, யோசித்து அடுத்ததைச் சொல்வார்கள். இடையில் மெஷின் வைத்துவிடும். மிக மெல்லிய குரலையும் சில மெஷின் அமைதி என்றே எடுத்துக்கொள்ளும். ரிசீவரை வாய்க்குப் பக்கத்தில் வைத்துப் பேசச் சொல்லுங்கள். வெட்டினாலும் பயப்படாமல் திரும்பக் கூப்பிட்டு மிச்சத்தைச் சொல்லச் சொல்லுங்கள், அது அடுத்த சேதியாகப் பதியும்.

ஒரு சேதிக்கு ஒரு நிமிஷம்தான் என்று மெஷினிலேயே வரம்பு வைத்திருந்தாலும் இப்படித்தான் வெட்டும். அதை மூன்று நிமிஷமாகக் கூட்டிப் பாருங்கள்.

சேதியில் குரலே இல்லை, 'டொய்ங் டொய்ங்' என்ற சத்தம் மட்டும் இருக்கிறது.

கூப்பிட்டவர் பேசாமல் வைத்துவிட்டார். அவர் வைத்த பிறகு லைனில் வரும் பிஸி டோனை மெஷின் பேச்சு என்று நினைத்துப் பதிந்திருக்கிறது. வெளிநாட்டுக்காகச் செய்த மெஷின்களில் இது அதிகம், அவை தங்கள் ஊர் டோனுக்குப் பழக்கப்பட்டவை. இதைச் சரிசெய்ய முடியாத மாடலில் ஒரு சேதியின் நீளத்தை ஒரு நிமிஷமாகக் குறைத்துவிடுவதுதான் வழி. இல்லாவிட்டால் மெமரி முழுக்க டொய்ங்கால் நிறையும், அவ்வளவு நேரமும் உங்கள் லைனும் பிஸியாகவே இருக்கும். மேலே சொன்ன ஆச்சியின் பிரச்சினைக்கு இது நேர் எதிர். இரண்டும் உள்ள வீட்டில் ஆச்சியின் பக்கம்தான் நான் நிற்பேன். டொய்ங்கை அழித்துக்கொள்ளலாம்.

அம்மாவுக்குப் பட்டனெல்லாம் புரியுமா?

எல்லாப் பட்டனும் புரிய வேண்டாம், ஒன்று போதும். சேதி கேட்கும் பட்டன் மேல் அம்மாவின் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டுங்கள், நல்ல பெரிய சிவப்புப் பொட்டு. "விளக்கு மினுக்மினுக்னு எரிஞ்சா பொட்டை அமுக்கு." இவ்வளவுதான் பாடம். அழிக்கிற பட்டன் மேல் ஒரு துண்டு அட்டையை வைத்து டேப் போட்டு மூடிவிடுங்கள். அழிப்பதை நீங்கள் வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

திரும்பக் கூப்பிடுவதிலும் ஒன்று கவனிக்க வேண்டும். 2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து எந்த செல்போனுக்குக் கூப்பிட்டாலும் முதலில் பூஜ்யம் போட வேண்டும். போன் பக்கத்தில் ஒட்டியிருக்கும் நம்பர் தாள் பழையதென்றால், ஒவ்வொரு செல் நம்பருக்கும் முன்னால் பெரிதாக ஒரு 0 எழுதிவிடுங்கள்.

துபாயிலிருந்தோ சென்னையிலிருந்தோ வீட்டு மெஷினில் உள்ள சேதியைக் கேட்க முடியுமா?

முடியும். வீட்டு நம்பருக்குக் கூப்பிடுங்கள். மெஷின் எடுத்து வரவேற்பு பேசும்போதே உங்கள் ரகசிய எண்ணை அமுக்குங்கள். செல்போனில் ஒவ்வொரு எண்ணை அமுக்கும்போதும் இரண்டு சுரம் சேர்ந்து ஒலிக்கும், அதை வைத்துத்தான் மெஷின் எண்ணைக் கண்டுபிடிக்கிறது. திருநெல்வேலி என்றால் வெளிநாட்டிலிருந்து 91, 462, பிறகு வீட்டு நம்பர். தென்காசிக்கு 4633, அம்பைக்கு 4634. உள்நாட்டில் கூப்பிடும்போது முன்னால் பூஜ்யம் சேரும்.

ரகசிய எண்ணைக் கட்டாயம் மாற்றுங்கள். கம்பெனி வைத்து அனுப்பும் எண் கையேட்டிலேயே அச்சாகியிருக்கும், அது தெரிந்த யாரும் உங்கள் வீட்டுச் சேதியைக் கேட்கலாம்.

'டோல் சேவர்' என்று ஒரு வசதி சில மெஷின்களில் இருக்கும். புதுச் சேதி இருந்தால் இரண்டு ரிங்கில் எடுக்கும், இல்லாவிட்டால் நாலு ஐந்து ரிங் வரை எடுக்காது. மூன்றாவது ரிங் கேட்டதுமே சேதி இல்லை என்று புரிந்துகொண்டு நீங்கள் வைத்துவிடலாம், காசு போகாது. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு நல்லதுதான். ஆனால் வீட்டில் வயதானவர் இருந்தால் இதைப் போடாதீர்கள். சேதி ஒன்று கேட்காமல் கிடந்தாலே மெஷின் இரண்டு ரிங்கில் முந்திக்கொள்ளும், அதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று மறுபடியும் ஓட்டம் ஆரம்பித்துவிடும்.

துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். அங்கே வேலை முடிந்து வந்து ஒன்பதரைக்குப் போன் பண்ணினால் இங்கே பதினொன்று, அம்மா தூங்கியிருப்பாள். கடையநல்லூரில் நான் மாட்டிய ஒரு வீட்டில், ராத்திரி ரிங் சத்தத்தை அணைத்துவிட்டு மெஷினை மட்டும் ஓட விடுகிறார்கள். மகன் தினமும் இரண்டு நிமிஷம் பேசி வைக்கிறார். காலையில் காபியோடு உட்கார்ந்து பொட்டை அமுக்குகிறார் அந்த அம்மா.

மோசடிக் கால்களுக்கு இது உதவுமா?

ரொம்ப உதவும். மெஷின் எடுத்த பிறகு எதிரில் பேசுவது ஸ்பீக்கரில் கேட்கும்படி வைக்கலாம். தெரிந்த குரல் என்றால் ரிசீவரை எடுத்தால் போதும், மெஷின் பதிவை நிறுத்திக்கொள்ளும். தெரியாத குரல் என்றால் பேசாமல் இருந்துவிடலாம்.

போலீஸ் என்றும், கோர்ட் என்றும், "டிஜிட்டல் அரெஸ்ட்" என்றும் மிரட்டிப் பணம் பறிப்பவர்கள், எதிரில் இருப்பவரை யோசிக்க விடாமல் பேசிக்கொண்டே போவார்கள். அவர்களுக்கு எதிரில் ஆள் வேண்டும், பயப்படும் குரல் வேண்டும். மெஷினிடம் அந்தப் பாச்சா பலிக்காது, பெரும்பாலும் பேசாமலே வைத்துவிடுவார்கள். தெரியாத காலை நேராக எடுக்கவே வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். பணம் ஏதாவது போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குக் கூப்பிட வேண்டும், ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது. அந்த நம்பரைப் போன் பக்கத்திலேயே எழுதி ஒட்டுங்கள்.

கரண்ட் போனால்?

மெஷின் நின்றுவிடும், கார்ட்லெஸும் நின்றுவிடும். செம்புக் கம்பி லைன் என்றால் பழைய வயர் போன் மட்டும் வேலை செய்யும், அதற்கு வேண்டிய கரண்ட் எக்ஸ்சேஞ்சிலிருந்தே வருகிறது. அதனால்தான் அதை எறியாதீர்கள் என்றேன். பைபர் என்றால் வீட்டில் உள்ள பெட்டிக்கே கரண்ட் வேண்டும், அது அணைந்தால் எந்தப் போனும் பேசாது. பெட்டி, மெஷின் இரண்டையும் இன்வெர்ட்டர் பாயின்ட்டில் போட்டுவிடுங்கள். இரண்டும் சேர்ந்து ஒரு சின்ன பல்பு அளவுக்குத்தான் இழுக்கும்.

சேதிகள் பெரும்பாலும் அழியாது. கடிகாரம்தான் தப்பாகிவிடும். சில மாடலில் 9 வோல்ட் பேட்டரி போட இடம் இருக்கும். இருந்தால் போட்டு, வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றுங்கள்.

இடி மின்னலுக்கு?

ஐப்பசி கார்த்திகை மழையிலும், சித்திரை வைகாசிக் கோடை மழையிலும் சாயங்காலம் இடி உறுமத் தொடங்கும்போதே இரண்டையும் பிடுங்குங்கள். கரண்ட் பிளக், போன் வயர் இரண்டையும். கரண்டை மட்டும் பிடுங்கிவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் ஏராளம். கம்பத்திலிருந்து வரும் செம்புக் கம்பி வழியாகவும் மின்னல் உள்ளே வரும். இடி பக்கத்தில் வந்துவிட்டால் வயரைத் தொடவே வேண்டாம், மெஷின் போனால் போகட்டும்.

அடுக்களையில் இன்னொரு போன் இருக்கிறது. பிரச்சினையா?

மெஷின் எடுத்த பிறகு அங்கே ரிசீவரை எடுத்தால் சில மெஷின்கள் நிற்காது, நீங்கள் பேசுவதும் பதியும். மெஷினில் 'ஸ்டாப்' அமுக்கினால் நிற்கும். அவ்வளவுதான்.

மெமரி நிறைந்தால்?

திரையில் 'ஃபுல்' என்றோ 'எஃப்' என்றோ மினுக்கும். அதன் பிறகு புதுச் சேதி பதியாது. மாதம் ஒரு முறை பழையவற்றை அழியுங்கள். அழிப்பதற்கு முன் அடுத்த பதிலைப் படித்துவிடுங்கள்.

சில சேதிகளை அழிக்க மனசு வரவில்லை. எடுத்து வைக்க வழி இருக்கிறதா?

இருக்கிறது, அதைத் தள்ளிப்போடாதீர்கள். மெஷின் பழுதானால் உள்ளே இருக்கும் குரலை எடுப்பது நடக்காத காரியம்.

மத்தியானம் தெரு அடங்கிய நேரம் பாருங்கள். ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியையும் பிரிட்ஜையும் நிறுத்துங்கள். செல்போனில் குரல் பதியும் செயலியைத் திறந்து, மெஷினின் ஸ்பீக்கரிலிருந்து ஒரு சாண் தூரத்தில் துண்டை மடித்து அதன்மேல் வையுங்கள். மெஷினின் சத்தத்தை முழுதாகக் கூட்டாதீர்கள், முக்கால் அளவு போதும். முழுதாக வைத்தால் குரல் உடையும். முதலில் ஒரு சேதியைப் பதிந்து கேட்டுப் பார்த்துவிட்டு மற்றதைச் செய்யுங்கள். கேசட் மெஷினாக இருந்து இயர்போன் ஓட்டையும் இருந்தால், அதிலிருந்து கம்ப்யூட்டருக்கு வயர் கொடுத்துப் பதியலாம், இன்னும் தெளிவாக வரும். பழைய கேசட்டை ஓடவிடுவதற்கு முன் ஒரு தடவை முழுதாக முன்னும் பின்னும் சுற்றுங்கள், ஒட்டியிருந்தால் பிரியும்.

பதிந்ததும் யார் பேசியது, எந்தத் தேதி என்று கோப்புக்குப் பெயர் வையுங்கள். இரண்டு மூன்று பேர் போனில் பிரதி இருக்கட்டும்.

எங்கள் மெஷினில் பெரியம்மையின் கடைசிச் சேதி பதினாலு விநாடி. "ஏ தங்கச்சி, பத்தமடைப் பாய் ஒண்ணு வாங்கி வச்சிருக்கேன், அந்தப் பய வந்தா குடுத்து விடுதேன்." அப்புறம் கொஞ்ச நேரம் எதுவும் இல்லை. பின்னால் ஒரு சேவல் கூவுகிறது. "சரி, வைக்கேன்." அந்தப் பாய் இப்போது அம்மாவின் கட்டிலில் இருக்கிறது. சேதி என் போனில், தம்பி போனில், கத்தாரில் இருக்கும் பெரியம்மை மகன் போனில் என்று மூன்று இடத்தில் இருக்கிறது.